நாற்பதில் வந்த கார்

12 நவம்பர் 2012, திங்கட்கிழமை

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். பின்னேரம் 3.31க்கு வைதேகியின் ஸ்கூல் பஸ்ஸை ஐம்பத்தெட்டு கிலோமீற்றர் வேகத்தில் முந்திக்கொண்டு போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்து மஞ்சள் விளக்குகள் மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன.

சிறிய பிழை என்று எழுதியது சரியா என்று தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொலிஸும் பார்க்கவில்லை. ஆகவே இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். மெரிலேண்ட்ஸில் வதனி அக்கா வீட்டில் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய கணவர் சிறிதரன் அண்ணாவுக்குக் குயின்ஸ்லாந்தில் சுரங்க வேலை. மூன்று கிழமைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். அக்கா ஒரு வருடமாக முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்கிறார். இரவில் அவர்களுடைய மகள் வைதேகியோடு நான் இருப்பேன். பகலில் அக்கா அரைகுறையாகத் தூங்கி எழும்பி, பஸ்ஸில் வரும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்வார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது.

இப்போது அவருக்குப் பகல் வேலை கிடைத்திருக்கிறது. காலை எட்டரையிலிருந்து பின்னேரம் ஐந்து வரை. பின்னேரம் மூன்றே முக்காலுக்கு வைதேகியை யார் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி. எனக்கு அலுவலகம் கூட்டும் வேலை இரண்டரை மணிக்கு முடிந்துவிடும். செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்குத்தான் மாலை வகுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

"ஒரு கிழமை பகல் வேலை செய்து பாப்பம், கஜந்தி. வெள்ளிக்கிழமை நான் வேலையிடத்துக்கு ஓமோ இல்லையோ சொல்லவேணும். பிள்ளை விஷயத்தில ஒரு பிசகு வந்தாலும் நான் பழையபடி இரவுக்குப் போயிடுவன்" என்றார் அக்கா.

ஆக இந்தக் கிழமை எனக்குப் பரீட்சை. பரீட்சையின் முதல் நாளே வேலையிடத்தில் ஒரு மாடி கூடுதலாகக் கூட்டச் சொன்னார்கள். அங்கிருந்து வெளிக்கிடவே மூன்று மணியாகிவிட்டது. ரோட்டில் எனக்கு முன்னால் வைதேகியின் பஸ் நின்றது. எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு இன்னும் மூன்று தரிப்பிடம் இருந்தது. அது அறுபதில் போகக்கூடிய ரோட்டு. நான் ஐம்பத்தெட்டில்தானே போகிறேன் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பஸ்ஸில் வரும் பிள்ளைக்காகவே அந்தப் பஸ்ஸை முந்தினேன்.

3.38க்கு வீட்டுக் கேற்றில் நின்றேன். 3.42க்கு எதிர்ப்பக்கத்தில் பஸ் வந்து நின்றது. நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். வைதேகி ரோட்டைக் கடந்து வந்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

வந்தவள் பையைக் கூடக் கழற்றவில்லை.

"கஜந்தி அன்ரி, யூ காட் எ ஸீரோ."

"என்ன ஸீரோ?"

பஸ்ஸின் கடைசி சீற்றில் இருக்கும் ஐந்து பிள்ளைகள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்களாம். பஸ் நின்று விளக்கு மின்னும்போது பின்னால் வரும் கார்களுக்குப் புள்ளி போடுவது. நாற்பதுக்குக் குறைத்துப் போனால் எட்டு. கையும் காட்டிப் போனால் பத்து. புள்ளியைப் பெரிதாகத் தாளில் எழுதிக் கண்ணாடியில் பிடிப்பார்கள்.

"இந்த டேர்ம்ல நாலு பேர்தான் ஸீரோ. நீங்கள் நாலாவது."

"நான் உன்ர அன்ரி எண்டு அவையளுக்குச் சொன்னனீயா?"

"நோ வே! ஐ செட் ஐ டோன்ட் நோ யூ."

சிரித்துவிட்டேன். ஆனால் பிறகு சாரதிகளுக்கான கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நிற்கிற ஸ்கூல் பஸ்ஸில் விளக்கு மின்னினால், அதைத் தாண்டிப் போகிற வாகனத்துக்கு நாற்பதுதான் உச்சம். ரோட்டின் வழக்கமான வேகம் எதுவாக இருந்தாலும் இதுதான் சட்டம். லைசன்ஸ் எழுத்துப் பரீட்சையில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. சரியாகவே விடை எழுதினேன். கைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

வதனி அக்காவிடம் சொல்லவில்லை. பரீட்சைக் கிழமை என்பதால் பயமாக இருந்தது.

நாளை பத்து நிமிடம் முந்தி வேலையிடத்திலிருந்து வெளிக்கிட வேண்டும்.

13 நவம்பர், செவ்வாய்க்கிழமை

தீபாவளி. விடிய ஐந்து மணிக்கு எழும்பி மூவரும் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகினோம். வைதேகி யூனிஃபோர்முக்கு உள்ளே புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வெயில் நெருப்பு மாதிரி எரித்தது. ஆனாலும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

பின்னேரம் 3.20க்கே வீட்டில் இருந்தேன். கேற்றில் நின்று கூப்பிட்டேன். வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து என் மேல் விழுந்தாள். இன்று பிழை ஒன்றும் இல்லை.

மாலை வகுப்பில் பிள்ளை பராமரிப்புப் படிக்கிறோம். பதினான்கு பேர். என் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் வேதவல்லி அக்கா. கும்பகோணத்துக்காரர். கணவர் பிரதீப்குமாருக்குக் கணினி வேலை. வேதவல்லி அக்கா முப்பத்து மூன்று வயதில் கார் ஓட்டப் பழகுகிறார். இரண்டு தரம் பரீட்சையில் தவறிவிட்டார். இன்று ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்தார்.

"மூணாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. இவரு வியாழக்கிழமை லீவு போட்டிருக்காரு, என்னை ஓட்ட வைக்க. ஓட்ட வைக்கவா, திட்டவான்னு தெரியல."

"ஏன் திட்டுறார்?"

"ஸ்லோவாம். ஸ்கூல் பஸ் நின்னா நான் முப்பத்தஞ்சுக்கு வந்துடுவேன். 'அவனே நாப்பது குடுத்திருக்கான், நீ ஏன் அதுலயும் அஞ்சு மிச்சம் பிடிக்கிற'ன்னு சண்டை. பின்னாடி எவனாவது ஹார்ன் அடிச்சா இவருக்கு மானம் போயிடுது. ஓட்டுறது நான், மானம் போறது அவருக்கு!"

"வேதா அக்கா, உங்கட காருக்குப் பின்னால நான் மாட்டினா, காரை விட்டிட்டு இறங்கி நடந்து போயிடுவன்" என்றேன்.

"நடந்து போயேன். அப்பவும் உன்னை இடிக்காமத்தான் வருவேன்."

எல்லோரும் சிரித்தோம். ஆசிரியை வந்து பாடத்தைத் தொடங்கினார். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, வருகிற வாகனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று சரியாகக் கணிக்க முடியாதாம். தனக்குப் பிடித்த ஒருவரைக் கண்டுவிட்டால் பிள்ளையின் கண்ணுக்கு வேறொன்றும் தெரியாதாம். அழகாகக் குறிப்பு எடுத்தேன். இரண்டு நிறப் பேனாவால் கோடும் போட்டேன்.

வீட்டுக்கு வரும்போது, வேதவல்லி அக்காவின் காரைப் பகிடி பண்ணியது கூடிவிட்டதோ என்று ஒரு யோசனை. அவருக்கு நான் என்ன வேகத்தில் போனவள் என்று தெரியாது.

நாளை வேலை முடிந்து வரும்போது அதே பஸ் வந்தால் எப்படிப் போகிறேன் என்று பார்க்க வேண்டும்.

14 நவம்பர், புதன்கிழமை

பார்த்தேன். 3.29க்குப் பஸ் நின்றது. விளக்கு மின்னியதும் காலை எடுத்தேன். முப்பத்தெட்டு. மெதுவாகத் தாண்டினேன். பின் கண்ணாடியில் ஐந்து முகங்கள். ஒரு தாள் எழும்பியது. எட்டு.

"கை காட்டேல்லை. அதான் ரெண்டு குறைச்சம்" என்றாள் வைதேகி, வீட்டுக்கு வந்ததும். "பட் ஐ டோல்ட் தெம் யூ ஆர் மை அன்ரி."

ஒரு எட்டுக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை. வதனி அக்காவும் இரண்டு நாளாக இரவில் நித்திரை கொண்டதில் முகம் தெளிந்து, குசினியில் பாட்டோடு சமைத்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

நாளை வகுப்புக்கான குறிப்பை மீண்டும் ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

15 நவம்பர், வியாழக்கிழமை

இன்று நடந்ததை எழுத முதல் இரண்டு தாள் கிழித்துவிட்டேன். என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டி எழுதுகிறேனோ என்று பட்டது. இது மூன்றாவது.

3.30க்குக் கேற்றில் நின்றேன். 3.43க்குப் பஸ் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. விளக்குகள் மின்னின. மூன்று பிள்ளைகள் இறங்கினார்கள். வைதேகி கடைசி. இறங்கியவள் பஸ்ஸின் முன்பக்கமாக வந்து, இரண்டு விரலால் எதையோ தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"அன்ரி! என்ர பல்லு! பஸ்ஸில விழுந்தது!"

ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த முன்பல். நாங்கள் எல்லோரும் காத்திருந்த பல். நான் இரண்டு கைகளையும் அகல விரித்தேன்.

"ஓடி வா, ஓடி வா, பாப்பம்!"

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அவள் ஓடினாள். அவள் நின்ற இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் பஸ் மதில் மாதிரி நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் வருவது அவளுக்குத் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தையும் அந்த ஓட்டைப் பல்லையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸைத் தாண்டி ஒரு வெள்ளை நிறக் கார் வந்தது. பிரேக் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு சின்னக் கீச்சல். கார் நின்றது. வைதேகி ரோட்டின் நடுவில், காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள். காருக்கும் அவளுக்கும் இடையில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான்.

எப்படி ரோட்டைக் கடந்தேன் என்று தெரியவில்லை. அப்போதும் நான் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். கை, கால், தலை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவள் வாயைத் திறந்து அழத் தொடங்கினாள்.

"எங்க நோகுது? எங்க?"

"என்ர பல்லைக் காணேல்லை! கையில இருந்தது, ரோட்டில விழுந்திட்டுது!"

அப்போதுதான் காரை நிமிர்ந்து பார்த்தேன். முன்னால், ஓட்டப் பழகுகிறவர்கள் மாட்டும் மஞ்சள் L தட்டு. ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி வேதவல்லி அக்கா. பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு பிரதீப்குமார் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே? ஒண்ணும் இல்லையே?"

"பல்லைக் காணேல்லையாம்" என்றேன்.

"பல்லு போயிடுச்சா!" என்று அவர் தலையில் கைவைத்தார்.

"நான் இடிபடேல்லை, அங்கிள்" என்று வைதேகி அழுகையை நிறுத்தி விளக்கினாள். "இட் வோஸ் அ வொப்ளி டூத். இட் ஃபெல் அவுட் பை இற்செல்ஃப். தலகணிக்குக் கீழ வச்சு டூத் ஃபெயரிக்குக் குடுக்கவேணும், காசு தருவா."

பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர் நீளமாக ஹோர்ன் அடித்தார். பிறகு பிள்ளையைக் கண்டு தானும் இறங்கி வந்தார். பல் தொலைந்த கதையைக் கேட்டதும் ரோட்டில் முழங்காலிட்டுத் தேடத் தொடங்கினார். பஸ் ட்ரைவர் விளக்கை மின்னவிட்டபடியே, வண்டியை எடுக்காமல், ஜன்னலால் எட்டிப் பார்த்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வழி சொன்னார். கடைசி சீற்றுப் பிள்ளைகள் எல்லோரும் பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். பின்னால் ஏழெட்டுக் கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் ஹோர்ன் அடிக்கவில்லை.

"சின்னதா, வெள்ளையா இருக்கும்" என்று வைதேகி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரோடு பூரா சின்னதா வெள்ளையாத்தான்மா இருக்கு" என்றார் பிரதீப்குமார், ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்தபடி.

கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். காரின் முன் சில்லுக்கு அருகே, நான்கு விரல் தூரத்தில். உள்ளங்கையில் வைத்து ஊதினார். பல்லைப் பார்த்தார். சில்லைப் பார்த்தார். பிள்ளை நின்ற இடத்தைப் பார்த்தார்.

"வேதா" என்றார். "அறுபதுல வந்திருந்தா..."

எனக்கு ஐம்பத்தெட்டு ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை, இதே பஸ், இதே மஞ்சள் விளக்கு. அன்று பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பிள்ளையும் ஓடவில்லை. அது என் கெட்டித்தனம் இல்லை.

பஸ் போனது. பிள்ளைகள் கைதட்டியது உள்ளிருந்து கேட்டது. பிரதீப்குமார் காரை ஓரமாக நிறுத்தினார். வேதவல்லி அக்கா இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அக்கா, பிள்ளை வருவா எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"எனக்கு எங்கடி தெரியும்?" என்றார். "பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாது. தெரியலன்னா, அங்க ஒரு குழந்தை இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் ஓட்டணும். நூறு நாள்ல தொண்ணூத்தொம்போது நாள் இருக்காது. அந்த ஒரு நாள் எதுன்னு முன்கூட்டியே யாராவது சொல்லுவாங்களா? அதுக்குத்தான் பஸ் முதுகுல நாப்பதுன்னு எழுதி விளக்குப் போட்டு வச்சிருக்கான்."

பிரதீப்குமார் தலையைக் குனிந்துகொண்டார். "நான் இனிமே வாயே திறக்க மாட்டேன் வேதா."

"திறங்க. நாளைக்கு டெஸ்ட்டுக்கு வழி யாரு சொல்லுவா? ஹார்ன் அடிக்கிறவனைப் பத்தி மட்டும் பேசாதீங்க."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்கிற மாதிரி.

"சரி, நீ ஏன் அந்தப் பக்கம் நின்னுகிட்டுக் கூப்பிட்ட?"

செவ்வாய்க்கிழமை இரண்டு நிறப் பேனாவால் கோடு போட்ட பாடம் அது. தனக்குப் பிடித்த ஒருவரைக் கண்டால் பிள்ளைக்கு வேறொன்றும் தெரியாது. அந்தப் பிடித்த ஆள் நான்தான் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அவர்கள் போனதும் வைதேகியைக் கதிரையில் இருத்திப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தேன். பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினாள். மூடித் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"அன்ரி, அம்மாட்ட நீங்கள் சொல்லுறீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்லுறன்."

"குட். நான் சொன்னா உங்களுக்குக் கூட ஏச்சு விழும். ஆனா பல்லுக் கதை நான்தான் சொல்லுவன். அது என்ர நியூஸ்."

வதனி அக்கா 5.20க்கு வந்தார். முதலில் பல். அக்கா பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார், ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார், ஃபோனில் படம் எடுத்துச் சிறிதரன் அண்ணாவுக்கு அனுப்பினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, சொல்லாமலே விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தது உண்மை. நாளை வெள்ளி. ஒரு நாள்தான். பிறகு, நாளைக்கும் அதே கேற்றில் நின்று கூப்பிடப் போகிறேனா என்று என்னையே கேட்டேன்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லவேணும். ரெண்டு விஷயம்."

திங்கட்கிழமை பஸ்ஸை முந்தியதையும் சொன்னேன். இன்று நடந்ததையும் சொன்னேன். அக்கா கைப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த இடம்? காட்டு."

மூவரும் ரோட்டோரம் போனோம். வெயில் இன்னும் நன்றாக எரித்துக்கொண்டிருந்தது. பஸ் நின்ற இடம், கார் நின்ற இடம், பிள்ளை நின்ற இடம் எல்லாம் காட்டினேன். வைதேகி தானும் காதைப் பொத்தி நடித்துக் காட்டினாள். அக்கா அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

"ஏன் கேற்றில நிண்டு கூப்பிட்டனீ, கஜந்தி?"

"நீங்கள் அப்பிடித்தானே கூப்பிடுறனீங்கள், அக்கா. அதைப் பாத்துத்தான்..." சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பழியை அவர் மேல் போட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "நித்திரை மயக்கம், காலில வீட்டுச் செருப்பு, ஆர் ரோட்டைக் கடக்கிறது எண்டிட்டு ஒரு வருஷமா நானும் உந்தக் கேற்றிலதான் நிண்டு கத்தினனான். இருநூறு நாள் இருக்கும். இருநூறு நாளும் ஆரோ மெதுவாப் போயிருக்கினம். அவையில ஒருத்தரின்ர முகமும் எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் நன்றி சொன்னதில்லை."

வாயைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல.

"அக்கா, நீங்கள் வேலைக்கு இல்லை எண்டு சொல்லவேண்டி வந்திட்டுது, என்னாலதான்."

"ஆர் சொன்னது? நாளைக்கு ஓம் எண்டு சொல்லப்போறன். பிழை விட்டிட்டு வந்து சொல்லுற ஆளை எனக்கு எங்க தேடினாலும் கிடைக்காது. சொல்லாமல் விட்டிருந்தா, அண்டைக்குத்தான் நான் வேலையை விட்டிருப்பன்." பிறகு விரலை நீட்டினார். "ஆனா திருப்பி அம்பத்தெட்டில போனாயெண்டா, லைசன்ஸை அரசாங்கம் பறிக்க முதல் நான் பறிப்பன்."

"ஷீ ஒன்லி காட் எய்ற் யெஸ்டர்டே" என்றாள் வைதேகி. "கை காட்டினா பத்து எடுக்கலாம்."

"அந்த வேதவல்லியை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடு. மனிசனையும்தான். எங்கட கறி உறைக்கும் எண்டு முதலே சொல்லி வை."

வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். வேதவல்லி அக்கா எனக்குக் கதிரை பிடித்து வைத்திருந்தார். ஆசிரியை இந்தக் கிழமை படித்ததிலிருந்து யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றபோது, வழக்கமாகக் குனிந்துகொள்ளும் நான் கையைத் தூக்கினேன். என் ஆங்கிலம் நான்கைந்து இடத்தில் இடறியது. பல் தேடிய இடத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஐம்பத்தெட்டு என்று சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றது. முடிவாக நான் சொன்னதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்: ஓடி வருகிற பிள்ளைக்கு வேகமும் தூரமும் கணக்குப் பார்க்கத் தெரியாது. அதற்காகவே நிற்கிற ஸ்கூல் பஸ்ஸைக் கண்டால் வண்டி ஓட்டுகிறவர் நாற்பதுக்கு இறங்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் பஸ் நிற்கிற பக்கத்துக்கே போக வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் பிழை விட்டும் மற்றவர் சரியாக இருந்ததால்தான் இன்று எங்கள் வீட்டில் ஒரு பல்லை மட்டும் தேடினோம்.

வேதவல்லி அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார்.

நாளை வெள்ளிக்கிழமை. காலை ஏழரைக்கு வேதவல்லி அக்காவுக்குப் பரீட்சை நன்றாக நடக்க வாழ்த்திச் செய்தி அனுப்ப வேண்டும். பின்னேரம் 3.25க்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து, தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். வைதேகி இறங்கியதும் கையைப் பிடிக்க வேண்டும். பஸ் போகும் வரை இருவரும் அங்கேயே நிற்க வேண்டும். ரோட்டு இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்த பிறகு, நடந்து வர வேண்டும்.